பதினோரு நிமிடத்தில் வந்த சரி

வீட்டில் அவளை வால் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அண்ணன் எங்கே போனாலும் பின்னாலேயே போவாளாம், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். நாற்பத்து நான்கு வயதாகி முன்தலையில் நரை விழுந்த பிறகும் அது உதிரவில்லை. அண்ணன் கம்ப்யூட்டர் படித்தான், அவளும் படித்தாள். அண்ணன் ஒரு கம்பைலருக்கு உழைக்கப் போனான், நான்கு வருடம் கழித்து அவளும் அங்கேயே போய் நின்றாள்.

கம்பைலர் என்பது மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தருவது. இவர்களுடைய கம்பைலர் தனி ஒருவருக்குச் சொந்தமானதல்ல. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பல ஊர்களில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கானவர்கள் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். பாராட்டை எதிர்பார்த்து இந்த வேலைக்கு வந்தால் ஏமாந்துதான் போக வேண்டும். தண்ணீர் வருகிறவரை குழாய்க்காரரை யார் நினைக்கிறார்கள்?

வயிற்றுப்பாட்டுக்கு அவள் ஒரு லிஃப்ட் கம்பெனியில் இருந்தாள். லிஃப்டை இயக்கும் நிரலைச் சோதிப்பது வேலை. காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரையும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கம்பைலர். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஜன்னலுக்குக் கீழே ஒரு சலவைக்கடையின் தகரக் கூரை. மேஜைக்கு அடியில், பழசாக வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று திறந்த பெட்டிக்குள் தையல் மெஷின் போலச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "அதான் கட்டிக்கிட்டியே, மேஜைக்கு அடியில வெச்சிருக்கியே" என்று அண்ணி கேலி செய்வாள்.

அந்தக் கார்டுக்காகத்தான் மூன்று வருடம் போனது. சாதாரணக் கம்ப்யூட்டர் வேலை செய்வது ஒரே ஆள் செய்வது போல. கார்டில் ஆயிரக்கணக்கான ஆட்கள், இழைகள் என்பார்கள், ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்வதுபோல. அதற்கென்று மொழியில் புதுச் சொற்கள் வேண்டும்: இந்தப் பகுதியைக் கார்டில் ஓட்டு, இது எல்லோருக்கும் பொதுவான இடம், எல்லோரும் வந்து சேரும்வரை இங்கே நில். இவர்களுடைய கம்பைலருக்கு இந்தச் சொற்கள் தெரியாது. தெரியவைக்கிறேன் என்று அவளாகத்தான் முன்வந்தாள். எல்லாம் முடிந்து சேர்த்துப் பார்த்தபோது நாலாயிரத்து முந்நூறு வரி.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தான் எழுதியதைத் தானே உள்ளே சேர்க்கக் கூடாது. இன்னொருவர் ஒவ்வொரு வரியாகப் படித்து 'சரி' போட வேண்டும். யார் படிக்க வேண்டும் என்று எழுதியவரே கேட்டுக்கொள்ளலாம். நல்ல வழக்கம்தான். ஆனால் பரீட்சை எழுதுகிறவனையே, உன் தாளை யார் திருத்தட்டும் என்று கேட்பதில் இருக்கிற ஆபத்து இதிலும் இருக்கிறது.

அவளுக்கு இரண்டே பேர். ஒருவர் கடல் கடந்த ஒரு பேராசிரியை. ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்?' என்று கேட்பவர், இரண்டு மாதத்துக்குக் குறைந்து விடமாட்டார். இன்னொருவர் அண்ணன். கம்பைலரில் கிளைகளை ஒழுங்குபடுத்தும் பகுதி, அதாவது 'இப்படியானால் அங்கே போ, அப்படியானால் இங்கே போ' என்ற இடங்களைச் சுருக்கி நேராக்கும் பகுதி, பத்தொன்பது வருடமாக அவன் பொறுப்பு. பொறுப்பாளர் பட்டியலில் அந்த வரிசையில் அவன் பெயர் மட்டும்தான். கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் சல்லடை. பத்து வரி அனுப்பினால் முப்பது வரி கேள்வி திரும்பி வரும். அவனிடம் சரி வாங்குவதைவிடப் பெண் வீட்டில் சரி வாங்குவது சுலபம் என்று ஒருத்தர் எழுதியதை எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அது பழைய சல்லடை. ஒரு வருடத்துக்கு மேலாக அவனிடமிருந்து வந்ததெல்லாம் ஒற்றைச் சொல்தான்: சரி. அவள் அதைக் கவனித்திருந்தாள். வயதாக ஆகக் கனிந்துவிட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐம்பது வயதில் யார் கனிகிறார்கள்? கம்பைலரின் அடுத்த பதிப்பு வெளியாகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நாலாயிரத்து முந்நூறு வரியையும் அண்ணனுக்கே அனுப்பினாள். பதினோரு நிமிடத்தில் சரி வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று எண்ணி அன்றைக்கு ஒரு புதுச் செருப்புகூட வாங்கிக்கொண்டாள்.

வெளியீடு போய் ஐந்து வாரம் கழித்து ஒரு புகார் வந்தது. அனுப்பியவர் ஒரு வெள்ள எச்சரிக்கை நிலையத்தில் வேலை பார்ப்பவர். ஒரே மழை அளவைக் கொடுத்துக் கார்டில் பத்துத் தடவை ஓட்டினால் ஏழு தடவை ஒரே நீர்மட்டம் வருகிறது, மூன்று தடவை வேறு வேறாக வருகிறது என்று எழுதியிருந்தார். தன் பக்கம்தான் தவறோ என்று ஒரு வாரம் தேடிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: "மழைக்காலம் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்."

அவள் லிஃப்ட் கம்பெனிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நான்கு நாள் ஒன்றும் அகப்படவில்லை. அவள் எழுதிய சோதனைகள் எல்லாம் பச்சை விளக்குக் காட்டின. ஐந்தாம் நாள் காலை சோதனையில் ஓடும் இழைகளின் எண்ணிக்கையை முப்பத்திரண்டிலிருந்து இருநூற்று ஐம்பத்தாறாக மாற்றினாள். மூன்றாவது ஓட்டத்திலேயே விடை பிசகியது.

விஷயம் இதுதான். சுற்றுலா பஸ் ஒன்று நிற்கிறது, எட்டுக் குடும்பம் வர வேண்டும். நடத்துநர் தலையை எண்ணுவதில்லை, குடும்பத்தைத்தான் எண்ணுகிறார். ஏறும் வாசல் ஒன்றே என்றால் கணக்குச் சரியாக இருக்கும். யாரோ அந்த வாசலுக்கு ஒரு நகல் எடுத்துப் பின்பக்கமும் வைத்துவிட்டார்கள். ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து இரண்டு வாசலிலும் ஏறுகிறது, இரண்டு என்று எண்ணப்படுகிறது. எட்டாவது குடும்பம் வருவதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது. கார்டில் இழைகள் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகக் குடும்பம் குடும்பமாகத்தான் நடக்கும். 'எல்லோரும் வரும்வரை நில்' என்ற கட்டளைதான் அந்த வாசல். அதை நகலெடுத்தது அண்ணனின் கிளைப் பகுதி. பத்தொன்பது வருடமாக அது செய்துவருகிற நியாயமான வேலை அது. நகலெடுக்காதே என்று அவள் ஒரு முத்திரை வைத்திருந்தாள். ஆனால் சின்னச் சின்ன நிரல்களை விரித்துப் பெரிய நிரலுக்குள் சேர்க்கும் இடத்தில் அந்த முத்திரை கழன்று விழுந்துவிட்டது. அவளுடைய சோதனையில் இருந்ததோ ஒரே குடும்பம். விட்டுவிட்டுப் போக அங்கே யாருமில்லை, அதனால் தவறும் தெரியவில்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. முத்திரை கூடவே வருகிறதா என்று கேட்க வேண்டியது அந்தக் கிளைப் பகுதியை உள்ளங்கைபோல அறிந்தவர். அப்படி அறிந்தவர் உலகத்தில் ஒரே ஆள். அந்த ஆள்தான் சரி போட்டிருந்தான்.

அவள் பழைய பதிவுகளைத் திறந்து எண்ணினாள். பதினான்கு மாதத்தில் அறுபத்தொரு மாற்றங்களுக்கு அண்ணன் சரி போட்டிருந்தான். ஒன்றில்கூடக் கேள்வி இல்லை. அவளுடையது மட்டுமல்ல, முன்பின் தெரியாதவர்கள் எழுதியதும் இருந்தது.

ஒரு வரித் திருத்தம் போதும். 'சிறு திருத்தம்' என்று தலைப்பிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே சேர்த்துவிடலாம், வெள்ள நிலையத்துக்காரரும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆனால் மற்ற அறுபது? அதில் என்னென்ன கழன்று கிடக்கிறதோ யாருக்குத் தெரியும்? தப்பான விடை வெளியே போய்விட்டால் நடந்தது என்ன என்று எல்லோருக்கும் கடிதம் எழுத வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். எழுதினால் முதல் கேள்வி, படித்தது யார் என்பதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. அண்ணனுக்கு வேறு வேலை கிடையாது, வேறு பெயரும் கிடையாது. கல்லூரிக் கணினி மையத்து வேலையை இரண்டு வருடத்துக்கு முன்பு விட்டுவிட்டான். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரு வரிதான் அவன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினாள். அண்ணன் வீடு பஸ்ஸில் ஆறு நிறுத்தம். போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. வழியெல்லாம் அவளுக்குக் கோபம்தான். படிக்காமல் எப்படிப் போடலாம்? நான் அனுப்பியதைக்கூடவா?

அண்ணி வராந்தாக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "என்னடி, மழையா பெய்யப்போகுது?" என்று சிரித்தவள் இவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அண்ணன் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"வாலா? வா வா. காலடிச் சத்தத்துலயே தெரிஞ்சுது."

"அண்ணா, ஒரு இடம் பாக்கணும். உன் கிளைப் பகுதிதான்." அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அந்தக் கோப்பைத் திறந்தாள். திரையில் விரல் பட்டதும் கோடு விழுந்தது. அவ்வளவு தூசு. தினமும் துணி வைத்துத் துடைக்கிறவன் அவன்.

"கட்டளையை நகலெடுக்கற இடம். படி, நீ என்ன சொல்றேன்னு பாக்கறேன்."

அண்ணன் முகத்தைத் திரைக்கு நேராக வைத்துக்கொண்டு படித்தான். குரலில் தடுமாற்றமே இல்லை. கிளைக்குள்ளே அழைப்பு, அதாவது இன்னொரு நிரலைக் கூப்பிடும் கட்டளை, இருக்கிறதா, நாலு கட்டளைக்குள் அடங்குகிறதா, அடங்கினால் நகலெடு. வரி வரியாகச் சொன்னான். இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் அவள் சேர்த்த ஐந்து வரிகள் இருந்தன. முத்திரை இருந்தால் தொடாதே என்று சொல்லும் வரிகள். அவற்றை அவன் படிக்கவில்லை. தாண்டியும் போகவில்லை. அவனுக்கு அவை அங்கே இல்லவே இல்லை.

அவள் அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் மூடினாள். திரையில் வெறும் நீலம் மட்டும் மிஞ்சியது. அண்ணன் அடுத்த வரியைப் படித்துக்கொண்டிருந்தான்.

"போதும்ங்க" என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல். அண்ணி கையில் ஈரத் துணியோடு நின்றிருந்தாள். "அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அண்ணன் வாயை மூடினான். பிறகு அவனே சொன்னான், பஸ் தாமதமானதைச் சொல்வதுபோல. "ரெண்டு கண்ணுலயும் நடுவுல மட்டும் போயிடுச்சு. ஓரத்துல எல்லாம் தெரியுது. நீ கதவுகிட்ட நிக்கறப்ப உன் புடவைக் கலர்கூடத் தெரிஞ்சுது. நேரா பாத்தா ஒண்ணும் இல்ல."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"திரும்பி வராதுன்னாரு. மூணு பேரும் அதையேதான் சொன்னாங்க."

"பதினோரு நிமிஷத்துல எப்படி அண்ணா சரி போட்டே?"

"அவர் எங்கே போட்டாரு, நான்தான் அமுக்கினேன்" என்றாள் அண்ணி. "தலைப்பை மட்டும் படிச்சுச் சொல்வேன். யார் அனுப்பியிருக்காங்கன்னு கேப்பாரு. உன் பேரைச் சொன்னேன். அவ எழுதினா சரியாத்தான் இருக்கும், போட்டுடுன்னாரு. துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். மடிச்சு முடிச்சிட்டு அமுக்கினேன்."

நாலாயிரத்து முந்நூறு வரியைச் சரிபார்த்தது கம்பைலர் என்றால் என்னவென்றே அறியாத அண்ணி. வேறு சமயமாக இருந்தால் மூன்று பேரும் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள்.

"வாய் விட்டுப் படிக்கற சாஃப்ட்வேர் இருக்கே. கண்ணே தெரியாதவங்க எத்தனை பேரு அதை வெச்சு நம்மளைவிட நல்லா எழுதறாங்க. நீ ஏன் அதைக் கத்துக்கல அண்ணா?"

"கத்துக்கலாம். அதுக்கு முன்னாடி எனக்குக் கண்ணு தெரியலன்னு நாலு பேர்கிட்ட சொல்லணும்ல?" என்றான் அண்ணன். "இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப்போட்டேன். ஒரு தடவை சரி போட்டதுக்கப்புறம் சொல்றது இன்னும் கஷ்டமாயிடுச்சு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் நிரலைத் திறந்தாள். ஏன் வந்தேன் என்று சொல்லவில்லை. மொழியில் சேர்த்த முதல் சொல்லிலிருந்து வாய் விட்டுப் படித்துக்கொண்டே போனாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இடையிடையே "திரும்பச் சொல்லு" என்றான், இரண்டு இடத்தில் "இது நல்லாருக்கு" என்றான். ஒரு மணி நேரமாகியிருக்கும். முத்திரை வைக்கும் இடம் வந்தது.

"நில்லு" என்றான் அண்ணன். "விரிச்சுச் சேக்கறப்ப இந்த முத்திரை கூடவே வருமா?"

"வராது" என்றாள் அவள். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே வெள்ள நிலையத்துப் புகாரையும், மழைக்காலத்தையும், அறுபத்தொரு மாற்றங்களையும் சொல்லி முடித்தாள். அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டியிருந்தால் இந்தப் பிழை அந்த அறையைத் தாண்டியே இருக்காது. அது மூன்று பேருக்கும் தெரிந்தது.

அண்ணன் நீண்ட நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். "கடிதம் எழுது" என்றான் கடைசியில். "நான் சொல்றேன், நீ அடி."

அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். சரிபார்த்தவருக்குப் பார்வை போய்விட்டது. பதினான்கு மாதமாக அவர் எதையும் படிக்கவில்லை. அவர் சரி போட்ட அறுபத்தொரு மாற்றங்களையும் வேறொருவர் முதலிலிருந்து படிக்க வேண்டும். கார்டுக்கான பகுதியை இன்றே வெளியே எடுத்துவிட வேண்டும். பொறுப்பாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கிவிடலாம். எல்லாவற்றையும் இடையில் நிறுத்தாமல், ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் சொன்னான். மனதுக்குள் இதை எத்தனை நாளாக எழுதி வைத்திருந்தானோ. அண்ணி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் எதுவும் வரவில்லை, தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் முடித்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் முடிச்சிட்டேனே, இன்னும் என்ன அடிக்கற?"

"நான் ஒரு வரி சேத்தேன்."

"படி."

அவள் படித்தாள். "இந்த நிரலை எழுதியவர், இந்தச் சரிபார்ப்பாளர் ஓராண்டாக எதையும் படிப்பதில்லை என்பதைக் கவனித்திருந்தார். சீக்கிரம் முடியும் என்பதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தார்."

அண்ணன் முகத்தை அவள் பக்கம் திருப்பினான். நேராக இல்லை, கொஞ்சம் சாய்வாக. அவளை ஓரக்கண்ணில் பிடித்துப் பார்க்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"என்னைக் காப்பாத்தறதுக்காகச் சேத்தியா?"

"இல்ல அண்ணா. நிஜம்."

"ஒரு வருஷமாத் தெரியுமா?"

"தெரியும்."

"ஊர்ல இருக்கற நூறு பேருக்கு, சல்லடை சோம்பேறியாயிட்டான்னு தோணியிருக்கும். போகட்டும். உனக்கு, இவனுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு தடவைகூடக் கேக்கணும்னு தோணலையா?"

வேலை இருந்தது, வெளியீடு இருந்தது, ஆறு நிறுத்தம் தூரம் இருந்தது. அதில் எதைச் சொன்னாலும் அசிங்கமாக இருக்கும். தலையை மட்டும் ஆட்டித் தப்பித்துக்கொள்ளப் பிடிக்காமல் "தோணல" என்று வாய் விட்டே சொன்னாள்.

"அனுப்பு" என்றான்.

அனுப்பினாள். அரை மணி நேரத்தில் கடல் கடந்த பேராசிரியையிடமிருந்து பதில் வந்தது. கார்டுக்கான பகுதி முழுவதையும் வெளியே எடுத்தாயிற்று. வெள்ள நிலையத்துக்குச் சொல்லியாயிற்று. அறுபத்தொன்றையும் ஆறு பேர் பங்குபோட்டுப் படிக்கப்போகிறார்கள். பொறுப்பாளர் பட்டியலில் ஒரு வரி குறைக்கப்பட்டது. இந்தத் தடவை அவர் ஏன் என்று கேட்கவில்லை. மூன்று வருட வேலை போனது அவளுக்கு உறைக்கவே இல்லை, பட்டியலைப் பற்றிய அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எல்லாவற்றையும் அண்ணனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் "ம்" கொட்டிக்கொண்டே கேட்டான்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "அடுத்த சனிக்கிழமை வரேன் அண்ணா. அந்தப் படிக்கற சாஃப்ட்வேரை உன் மெஷின்ல போட்டுக் கொடுக்கறேன். அப்புறம் என் பகுதியை மறுபடி எழுதணும், வரி வரியா உனக்குப் படிச்சுக் காட்டறேன்."

"சாஃப்ட்வேரை உங்க அண்ணி போட்டுடுவா. இப்போ அவளுக்கு எல்லாம் அமுக்கத் தெரியும்" என்றான் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. "உன் நிரலைப் பேராசிரியைக்கு அனுப்பு, அவங்க படிக்கட்டும். வேலை எதுவும் இல்லாதப்போ வா. அப்படி உனக்கு வரத் தோணினா வா."